பன்றி ரூபாயும் பேங்க் வட்டியும்

பேங்க் உத்தியோகம் என்பதால் ஊருக்குப் போனாலே உறவினர்கள் கேட்கும் கேள்வி இது: "வீட்டுல ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் நாலு இருக்கு. நல்ல விலை போகுமா?" பழைய காசு சேர்ப்பது என் பல வருடப் பழக்கம். அதனால் ஒரு காசின் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911ல் அவர் தலை போட்ட முதல் ரூபாய் வந்தது. அரசரின் அங்கியில் குட்டியாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது! பன்றி உருவம் உள்ள காசை முஸ்லிம்கள் எப்படித் தொடுவார்கள்? எதிர்ப்பு கிளம்பியது. அச்சடித்தது சுமார் 94 லட்சம். வெளியே போனது சுமார் 7 லட்சம்தான். மற்றதை அரசு உருக்கிவிட்டது. 1912ல் தும்பிக்கையைத் திருத்திப் புதிதாக அடித்தார்கள். சேகரிப்பவர்கள் 1911 காசை இன்றும் 'பன்றி ரூபாய்' என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்று 1939 ரூபாய். எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1938 ரூபாயும் அச்சு அசல் அப்படியே. ஆனால் 1938 சுலபமாகக் கிடைக்கும், 1939 அபூர்வம். உலகப் போர் வந்து ஜனங்கள் வெள்ளிக் காசைப் பதுக்கவும், 1940ல் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. முழு வெள்ளி ரூபாயின் கடைசி வருடம் 1939. விலை அதிகம் என்பதால் போலிகளும் உண்டு.

கவனித்தீர்களா? இரண்டிலும் விலையை ஏற்றியது வெள்ளி அல்ல. உருக்கியதும், நிறுத்தியதும்தான். 1911ல் அந்த ரூபாயை வைத்திருந்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? முன்கூட்டிக் கணிக்க முடியாததை முதலீடு என்று சொல்ல என் காமர்ஸ் படிப்பு இடம் தரவில்லை. காசுக்கு வட்டி கிடையாது. வியாபாரி விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை வேறு. பெண் கல்யாணத்துக்கோ பிள்ளை படிப்புக்கோ பணம் வேண்டுமென்றால் டெபாசிட்டில் போடுங்கள். ஆசைக்கு ஒதுக்கிய பணத்தில் மட்டும் காசு வாங்குங்கள். பின்னால் விலை ஏறினால் அது அதிர்ஷ்டம்.

சில விஷயங்களை நினைவில் வையுங்கள். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர் மதிப்பு போய்விடும். செயினில் கோர்க்கக் காது வைத்த காசுக்கும் அதே கதிதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: 100 வருடம் தாண்டிய காசு, 1972ம் வருடச் சட்டப்படி தொல்பொருள். தாத்தா சொத்தே ஆனாலும் தனிநபர் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். அப்படித் தன் பெயரை மோசடிக்குப் பயன்படுத்துவதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

ஒரு லென்ஸ் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ராஜாவின் அங்கியில் யானையைத் தேடச் சொல்லுங்கள். பன்றியா யானையா என்று அவர்கள் சண்டை போடுவதைப் பார்ப்பதே தனி சுகம். எந்த டெபாசிட்டிலும் இந்த வட்டி வராது.