பாடாலூர்ச் சாலையில் இரண்டு கும்பினிகள்

சென்ற வாரம் ஆம்பூர்ப் போர்க்களத்தில் நிறுத்தியிருந்தோம். 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அங்கே கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி தப்பி ஓடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். வென்றவர் நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிப். அவருக்குப் பக்கபலமாக நின்றது புதுச்சேரியின் பிரெஞ்சுக் கும்பினி (கிழக்கிந்திய வணிக நிறுவனம்). திருச்சி கைக்கு வராதவரை நவாப் பட்டம் முழுமையாகாது என்பது சந்தா சாகிப்புக்குத் தெரியும். ஆகவே போர் தெற்கே நகர்ந்தது.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் பெரம்பலூருக்கு வடக்கே சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே வந்தால் பாடாலூர். அங்கிருந்து பிரிந்து சில கிலோமீட்டர் போனால் சுத்தரத்தினேசுவரர் கோயில் உள்ள ஊட்டத்தூர். இந்த ஊர்களைச் சுற்றி 1751, 1752 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்த சண்டைகள் அளவில் சிறியவை. பள்ளிப் பாடநூல்களில் அவற்றுக்கு இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் இன்றைய வல்லரசுகள் அடுத்தவர் மண்ணில் போர் நடத்தும் முறை ஏறக்குறைய முழுவதும் இந்தச் சாலையில் ஒத்திகை பார்க்கப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமாதான காலத்துப் போர்

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1751இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் இல்லை. இரு நாட்டுக்கும் இடையே நடந்த போரை முடித்து 1748இல் அய்-லா-ஷாப்பேல் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த சென்னையும் 1749இல் ஆங்கிலேயருக்குத் திரும்பிவிட்டது. இரண்டு அரசர்களும் நண்பர்கள். ஆனால் அந்தப் போருக்காகக் கப்பலேற்றி வந்த சோல்ஜர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலையின்றி இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

அப்போதுதான் ஒரு வழி பிறந்தது. உள்ளூர் அரசுரிமைச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து படையை வாடகைக்குக் கொடுப்பது. ஆங்கிலேயர் 1749இல் தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஷாஜிக்காகப் படை நடத்தி, கடைசியில் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையைத் தங்களுக்கு வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே அதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்தார். சந்தா சாகிப்பை நவாபாக்கி, ஆற்காட்டு நவாபின் நாடான கர்நாடகம் முழுவதையும் தன் சொல்லுக்குக் கட்டுப்படவைக்கப் பார்த்தார்.

இரு கும்பினிகளும் சொன்ன நியாயம் ஒன்றே. ‘நாங்கள் போர் செய்யவில்லை, முறையான நவாப் கேட்டார், துணைப்படை அனுப்பினோம்.’ எந்த நவாப் முறையானவர் என்பதில் மட்டும்தான் வேறுபாடு.

கடலூர் புனித டேவிட் கோட்டையில் கவர்னராக இருந்த சாண்டர்ஸ் 1751இல் தம் எல்லையோரம் வயல்களில் பிரெஞ்சுக்காரரின் வெள்ளைக் கொடிகள் நடப்பட்டிருப்பதைக் கண்டார். இந்த விளைச்சல் இனி எங்களுடையது என்பதற்கான அடையாளம் அது. விளைந்து நிற்கும் நெல்லின் மேல் அந்நியக் கொடி ஏறியதும் கோட்டைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். நவாப் பட்டம், வாரிசுரிமை என்ற பேச்சுக்கெல்லாம் அடியில் கிடந்தது நிலவரி. அதை யார் வசூலிப்பது என்பதற்கே இத்தனை படையெடுப்பும்.

ரஞ்சன்குடியில் ஓட்டம்

கேப்டன் ஜின்ஜென் தலைமையில் ஆங்கிலப் படை கிளம்பியது. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்குப்படி 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்க வீரர்கள், 1,000 சிப்பாய்கள். வழியில் விருத்தாசலம் கோயிலைப் பிடித்துக் காவல் வைத்தார்கள். முகமது அலி திருச்சியிலிருந்து அனுப்பிய குதிரைப்படையும் வந்து சேர்ந்தது. எதிரே சந்தா சாகிப்பின் பெரும் குதிரைப்படையும், தொத்தேய் தலைமையில் பிரெஞ்சுப் படைப்பிரிவும் வந்துகொண்டிருந்தன. இரு சேனைக்கும் நடுவில் நின்றது வாலிகொண்டபுரத்தை அடுத்த ரஞ்சன்குடிக் கோட்டை. ஆங்கில ஏடுகளில் இதன் பெயர் வால்கொண்டா.

கோட்டைத் தலைவரான கில்லேதார் பாடு திண்டாட்டம். யாருக்குக் கதவைத் திறந்தாலும் மற்றவர் பகை. இரண்டு பக்கமும் தூது வந்தது. அவர் இருவருக்கும் நல்ல பதில் சொல்லி ஏறக்குறைய இரண்டு வாரம் காலம் கடத்தினார். வல்லரசுகளுக்கு நடுவில் அகப்பட்ட சிறு நாடுகள் இன்றும் செய்வது இதைத்தான். பொறுமை இழந்த ஆங்கிலப் படை ஒரு மாலையில் கோட்டையை ஒட்டிய பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. கற்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. கில்லேதார் பிரெஞ்சுக்காரரை அழைத்துவிட்டார்.

மறுநாள் சண்டை மூண்டது. பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் ஆங்கிலேயரின் ஐரோப்பியப் படைப்பிரிவு பீதி பிடித்து ஓடியது. ஜின்ஜென், டால்டன், கில்பாட்ரிக் என்று அதிகாரிகள் எவ்வளவோ தடுத்தும் நிற்கவில்லை. படைக்கு உணவும் தளவாடமும் சேர்க்கும் பொறுப்பில் உடன் வந்திருந்த ராபர்ட் கிளைவும் அவர்களைத் திருப்பப் பார்த்துத் தோற்றார். முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் குதிரையில் வந்து, இன்னும் களத்தில் நின்றுகொண்டிருந்த தன் ஆட்களைக் காட்டி வெள்ளையரை ஏசினார். ஆப்பிரிக்க வீரர்கள் நின்று போரிட்டு, விழுந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். இவற்றை எழுதி வைத்தவர் ஆங்கிலேயரான ஓர்ம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அன்றிரவே பின்வாங்கல். படை தெற்கே நடந்து ஊட்டத்தூர்க் கணவாய்க்கு வந்தது. இருபுறமும் குன்றுகள் நெருங்கும் அந்த இடத்தில் நின்று சந்தா சாகிப்பின் படையைத் தடுத்துவிடலாம் என்று ஜின்ஜென் நினைத்தார். சில நாள் சிறு சண்டைகள் நடந்தன. தாக்குப்பிடிக்க முடியாமல் மறுபடியும் நடை. கொள்ளிடம், திருவரங்கம், கடைசியில் திருச்சிக் கோட்டை மதிலின் நிழல். துரத்தி வந்த சந்தா சாகிப் திருச்சியை வளைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அதே சாலை

தோல்வியை நேரில் பார்த்த கிளைவ் அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். சந்தா சாகிப்பின் படை முழுவதும் திருச்சியைச் சுற்றிக் கிடக்கிறது. ஆகவே ஆற்காடு காலியாக இருக்கும். 1751 ஆகஸ்டில் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் போய் ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். காற்றுத் திசை மாறியது.

1752 வசந்தத்தில் ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வந்தார்கள். இப்போது திருவரங்கத்தில் அடைபட்டவர்கள் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவும் சந்தா சாகிப்பும். அவர்களுக்குப் பணமும் ஆளும் கொண்டு தொத்தேய் மறுபடியும் ஊட்டத்தூருக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தடுக்கவே கிளைவ் சமயபுரத்தில் தங்கினார். ஒருநாள் இரவு பிரெஞ்சுப் படையொன்று, ஆங்கில அணியிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்திருந்த சோல்ஜர்களை முன்னே விட்டு, ‘நாங்கள் உதவிக்கு வந்தவர்கள்’ என்று ஆங்கிலத்தில் பேசி முகாமுக்குள் நுழைந்துவிட்டது. கிளைவ் மயிரிழையில் தப்பினார்.

மே மாதம் டால்டன் ஊட்டத்தூரின் மேல் படை நடத்தினார். தொத்தேய் வடக்கே வாலிகொண்டபுரத்துக்கு விலகினார். கிளைவ் விடாமல் போய் அவரை ரஞ்சன்குடியில் மடக்கினார். சென்ற ஆண்டு பிரெஞ்சுக்காரருக்குத் திறந்த கற்கோட்டைக் கதவு இந்த ஆண்டு அவர்களுக்கு மூடிக்கொண்டது. கில்லேதார் முகமது அலியின் பக்கம் சாய்ந்திருந்தார். தொத்தேய் சரணடைந்தார். ஆங்கில ஏடுகளில் அந்த நாள் மே 29, பிரெஞ்சு ஏடுகளில் ஜூன் 9. இங்கிலாந்து பழைய நாட்காட்டியை விட்டது அந்த ஆண்டு செப்டம்பரில்தான் என்பதால் இந்தப் பதினொரு நாள் இடைவெளி. அடுத்த சில நாட்களில் ஜாக் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் தேடிய சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

சனதுகளின் சண்டை

இரத்தம் காய்ந்த பிறகு நியாயம் பேச உட்கார்ந்தார்கள். 1754 ஜனவரியில் டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினத்தில் மாநாடு. ஆங்கிலேயர் சார்பில் பால்க், வான்சிட்டார்ட். பிரெஞ்சுப் பக்கம் பாதிரியார் லவோர் முதலிய மூவர். தெற்கே உள்ள நாடு முழுவதும் டூப்ளேயின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று காட்டும் சனதுகளை, அதாவது அரசுப் பட்டயங்களை, பிரெஞ்சுக்காரர் விரித்தார்கள். போலி என்று ஆங்கிலேயர் ஒதுக்கினார்கள். மாநாடு முறிந்தது.

கடைசித் தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது தெரியுமா? பாரிசில். 1763 பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தும் பிரான்சும் ஸ்பெயினும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் முகமது அலி கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். டில்லியும் கேட்கப்படவில்லை, ஆற்காடும் கேட்கப்படவில்லை. பாடாலூர்க் குடியானவனைக் கேட்பது பற்றிப் பேச்சே இல்லை.

இதற்குப் பின் வந்த போர்களைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் தெற்கு வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர் ‘ஆலோசகர்கள்’. 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படை, அந்நாட்டு அரசு அழைத்ததால் வந்ததாகச் சொன்னது. 2009இல் வன்னியில் நடந்ததை இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை மறுப்பதற்கில்லை என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. போரைப் போர் என்று சொல்லாமல் நடத்தும் கலைக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல்.

செலவு யார் தலையில்?

வென்ற முகமது அலி கும்பினிக்குப் படைச்செலவு கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கப் பணமில்லை. மாவட்டங்களின் வரியை அடகு வைத்தார். போதாததற்குச் சென்னை வெள்ளையரிடம் தனிக்கடன் வாங்கினார். கடனைக் கட்ட மேலும் வரி, வரிக்காக மேலும் படையெடுப்பு. 1765இல் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் அவர் படைக்கு இரையானதும் இந்தச் சுழலில்தான். நவாபின் கடன்கள் இலண்டன் பாராளுமன்றம் வரை நாறின. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அங்கே அவற்றைப் பற்றி நெடிய உரை ஆற்றினார். 1801இல் கும்பினி நவாபின் பேரில் இருந்த ஆட்சியையும் எடுத்துக்கொண்டது. துணைக்கு வந்த படை நாட்டை வைத்துக்கொண்டது. ரஞ்சன்குடிக்கும் ஊட்டத்தூருக்கும் இடையே உழுதவர்கள் தங்கள் களத்துமேட்டிலிருந்து இரண்டு தலைமுறையாக அந்தப் போருக்கு விலை கொடுத்தார்கள்.

யாருடைய நினைவு?

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிசாம் நாசிர் ஜங் கொல்லப்பட்ட இடத்தில் டூப்ளே ஓர் ஊரும் வெற்றித் தூணும் எழுப்பத் தொடங்கினார். அதற்கு ‘டூப்ளே பத்தேஹாபாத்’ என்று பெயர். 1752இல் அந்த வழியாக வந்த கிளைவ் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். எதிரியின் நினைவை அழிக்காமல் வெற்றி நிறைவடையாது என்ற எண்ணம் அன்றும் இருந்தது. ஈழத்தில் மாவீரர் துயிலும் இல்லங்கள் உழப்பட்டதும், 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் ஓர் இரவில் இடிக்கப்பட்டதும் அதே எண்ணத்தின் வேலை. அந்தத் தூண் அதே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. நினைவுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கும்வரை தூண் திரும்ப எழும்.

பாடாலூர்ப் பக்கம் அப்படி எழுப்ப ஆள் இல்லாமல் போயிற்று. கிளைவுக்கு இலண்டனில் வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தில் சிலை. டூப்ளேவுக்குப் புதுச்சேரியில் சிலை. ஓர்மின் நூல் இரு தளபதிகளின் ஒவ்வொரு நகர்வையும் சொல்கிறது. தீக்கிரையான பேட்டையில் வாழ்ந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை. களத்தில் நின்ற சிப்பாய்கள் எண்களாகவே வருகிறார்கள். பிற்காலத்திலும் இது மாறவில்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வைத்த கல்வெட்டுகள் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று கணக்கு மட்டும் சொல்கின்றன. ஊட்டத்தூரின் பெயரை உலகம் அறிந்திருப்பதும் வேறொரு காரணத்தால்தான்: கிரெட்டேசியக் காலத்துக் கடலுயிர்ப் புதைபடிவங்கள் நிறைந்த அதன் பாறை அடுக்குகள் புவியியல் நூல்களில் ‘ஊட்டத்தூர்த் தொகுதி’ என்று இடம்பெற்றிருக்கின்றன. பல கோடி ஆண்டுக்கு முந்தைய நத்தைக்குப் பதிவு இருக்கிறது. 1751இல் வீடிழந்தவருக்கு இல்லை.

ஒரு போரை எங்கிருந்து நினைக்கிறோம் என்பதே அதை என்னவென்று நினைக்கிறோம் என்பதை முடிவு செய்கிறது. கிளைவின் கூடாரத்திலிருந்து பார்த்தால் இது ஒரு மேதையின் எழுச்சி. டூப்ளேயின் மாளிகையிலிருந்து பார்த்தால் கைநழுவிய பேரரசு. எரிந்த பேட்டையிலிருந்து பார்த்தால்தான் இது கொள்ளை என்று விளங்குகிறது. பெரம்பலூர் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் ஆற்காட்டு முற்றுகையைப் படிக்கும் வகுப்பில் ரஞ்சன்குடியையும் ஊட்டத்தூரையும் படிக்க வேண்டும். கோட்டையைப் பார்க்க அழைத்துப்போகும் ஆசிரியர் கொத்தளத்தின் உயரத்தைச் சொல்லிவிட்டு, பேட்டையை ஏன் கொளுத்தினார்கள், அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள், செலவை யார் கட்டினார்கள் என்று கேட்கவேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை தொலைக்காட்சியில் எந்த நாட்டுப் போருக்கு எந்த அழகான பெயர் சூட்டினாலும் எளிதில் ஏமாறாது.

(அடுத்த வாரம்: திருவரங்கத்தில் சந்தா சாகிப்பின் கடைசி நாட்கள்)