மலைநிழலும் மணிமேடையும்: பொழுது யாருடையது?

திருவண்ணாமலையில் சாயங்காலம் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். ஊருக்கு மேற்கே 2668 அடி உயரத்தில் மலை நிற்கிறது. அடிவானத்தைத் தொடும் முன்பே சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. ‘நெழலு எறங்கிடுச்சு, லைட்டப் போடு’ என்று தேரடி வீதிக் கடைக்காரர் சொன்னால் அவர் கடிகாரம் பார்க்கவில்லை என்று அர்த்தம். என் பாட்டிக்கும் இரண்டே கடிகாரங்கள்தான். ஒன்று மலைநிழல், மற்றது கோயில் மணி. சாயரட்சை மணி கேட்டால் விளக்கு வைப்பார். அர்த்தஜாம மணி கேட்டால் கதவைச் சாத்துவார்.

இந்த ஊரிலிருந்து மணிக்கூண்டைப் பற்றி யோசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பழைய மணிக்கூண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘அந்தக் காலத்து வேலைப்பாடு’ என்று உருகுகிறார்கள். அல்லது காலனிய அதிகாரத்தின் சின்னம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கடிகாரம் வருவதற்கு முன்னால் பொழுது யார் கையில் இருந்தது?

முல்லைப்பாட்டில் பாசறையில் நீர்க்கடிகாரத்தைக் கவனித்துப் பொழுது அளந்து சொல்கிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் சொல்வது அரசனுக்கு. பின்னாளில் நாழிகைக் கணக்கு கோயிலிலும் பஞ்சாங்கத்திலும் குடியேறியது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். கோயில் மணியின் ஓசைக்குத் தீட்டு கிடையாது. மதில் தாண்டும், சேரிக்கும் கேட்கும். ஆனால் அதைக் கேட்டு உள்ளே போகிற உரிமை எல்லோருக்கும் இருந்ததா? சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதுவரை காலம் பொதுவாக ஒலித்தது, இடம் பொதுவாக இருக்கவில்லை.

இன்னொரு நேரம் ரயிலில் ஏறி வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக்கூடம் கணித்த ‘மதராஸ் நேரம்’, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1870களிலிருந்து இந்திய ரயில்வேக்கள் அதைத்தான் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கிலான இந்திய நேரம் வந்தது. பம்பாயின் ஊர்க் கடிகாரம் அதற்கு 39 நிமிடம் பின்தங்கியிருந்தது. நகரம் முரண்டு பிடித்தது, ஆலைத் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். பம்பாய் நேரம் முற்றாக மறைய 1955 ஆயிற்று. திருவண்ணாமலையில் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இன்றும் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 14 நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பதினாலு நிமிடம் நாம் தேசத்துக்குக் கொடுத்த கப்பம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதில் பழையது தோற்றுப் புதியது ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கிழித்துப் பாருங்கள்: ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. சூரியோதயத்தை வைத்துக் கணக்கிட வேண்டிய சங்கதி கடிகார முள்ளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம் நவீனத்துவம் பெரும்பாலும் இப்படித்தான், சம்பந்தி வீட்டில் சம்பந்தி தங்குகிற மாதிரி.

இப்போது நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். பொதுக் கடிகாரம் என்ற விஷயத்தின் உள்முரணை அந்த ஊரைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே அதற்கு மணிக்கூண்டு என்ற பெயர்கூட இல்லை, மணிமேடை. 1893இல் திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் திறந்து வைத்தார். கடிகாரத்தைத் தந்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் ஜேம்ஸ் டதி. அரசன், பாதிரி, சீமைக் கடிகாரம்: அதிகாரச் சொல்லாடலுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரே மேடையில் கூடிவிட்டன.

ஆனால் அந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நாடார் பெண்கள் மேலுடுத்தப் போராடி, அரசு ஆணை பெற்ற 1859 அப்போது முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்திய சங்கதிதான். பக்கத்தில் இருக்கும் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கிற உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. அதாவது மணிமேடை திறந்து நாற்பத்துமூன்று வருஷம் கழித்து. கோயில் வாசலில் ‘எட்டிப் போ’ என்று நிறுத்தப்பட்ட ஒருவர் நாற்சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்து மணி தெரிந்துகொள்ள முடிந்தது. அதற்கு யாரிடமும் சாதி சொல்ல வேண்டியதில்லை. எண் வாசிக்கத் தெரிந்தால் போதும். அந்த எண்ணைச் சொல்லிக்கொடுக்க மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் வெள்ளைக்காரன் கடிகாரம் விடுதலை தந்ததா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. கோர்ட்டும் கச்சேரியும் ஆலைச் சங்கும் தாமதத்தைக் குற்றமாக்கின. இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆலை முதலாளிகள் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளித் தொழிலாளியை ஏய்த்ததைச் சொல்கிறது. அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: நேரத்தின் மதிப்பைக் கற்றுக்கொண்ட தொழிலாளி பிறகு நேரத்துக்காகவே போராடினான். நம் பக்கத்திலும் அதுதான் நடந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது ஆலைக்காரர்களின் முறையீடுகளில் ஒன்று. நிமிஷக் கணக்கில் ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிய நிமிஷம் தெரிந்திருக்க வேண்டும். சொந்தக் கடிகாரம் இல்லாதவனுக்குச் சந்தியில் இருந்த கடிகாரம் ஒரு சாட்சி.

சனங்கள் அதோடு நிற்கவில்லை. நேரம் சொல்ல வந்த ஒன்றை அவர்கள் இடமாக மாற்றிவிட்டார்கள். ‘மணிமேடைகிட்ட நில்லுடே, வாறேன்’ என்கிறவன் மணி எத்தனை என்று சொல்வதில்லை. ராயப்பேட்டையில் மணிக்கூண்டு பஸ் நிறுத்தத்தின் பெயர். திண்டுக்கல்லில் பொதுக்கூட்டத்தின் முகவரி. கடிகாரம் நின்றுபோனாலும் ‘மணிக்கூண்டு’ நிற்பதில்லை. சுந்தர ராமசாமி 1966இல் வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’, சந்தியில் நின்ற ஒரு மரம் ஊரின் பெயராகவும் நினைவாகவும் ஆவதைச் சொன்ன நாவல். அதை எழுதியவர் மணிமேடை ஊர்க்காரர் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்று பழைய மணிக்கூண்டுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கம்பிவேலி போட்டு ‘பாரம்பரியச் சின்னம்’ என்று பலகை வைக்கிறபோது கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கைபேசி வந்தபின் மணி பார்க்க யாரும் அண்ணாந்து பார்க்கப்போவதில்லை. காப்பாற்ற வேண்டியது முள்ளை மட்டுமல்ல. அதன் அடியில் யாரும் யாரையும் கேட்காமல் நிற்கலாம் என்கிற உரிமையை. வேலி போட்டால் அது போய்விடும்.

இந்தக் கவலை வெறும் கற்பனை இல்லை. எங்கள் மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாகப் போனது 2023 ஜனவரி 30. போலீஸ் பாதுகாப்போடு. சட்டம் வந்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்குக் கலெக்டர் கையிலும் ஊர்க்காரர்கள் கையிலும் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒரே மணியைத்தான் காட்டியிருக்கும்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றுகிறார்கள். அந்த வெளிச்சம் வாசல் பார்த்து விழுவதில்லை. ஊரும் சேரியும் ஒரே நொடியில் அண்ணாந்து பார்க்கின்றன. பாட்டி சொல்வார்: ‘மலைக்கு எல்லா வீடும் ஒண்ணுதான்.’ கீழே தெருவும் அப்படி ஆகிறவரைக்கும் நம் ஊர்களில் இன்னும் மணி அடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.