இரட்டையாட்சி: நிலம் ஒருவரிடம், நீர் மற்றவரிடம்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நிறுவியது. அது பகிர்ந்தளித்தது அதிகாரத்தையா, பொறுப்பை மட்டுமா? சென்னை மாகாணத்தில் 1920இல் பதவியேற்ற நீதிக்கட்சி அமைச்சரவையின் அனுபவமே இதற்கு விடை.

கல்வி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை முதலியன அமைச்சர்களுக்கு 'மாற்றப்பட்ட' துறைகளாயின. நிதி, காவல், நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே 'ஒதுக்கப்பட்ட' துறைகளாக நின்றன. பள்ளி திறப்பது அமைச்சர் கடமை. பணப்பெட்டியின் சாவியோ மற்றவர் கையில். பாசனமின்றி வேளாண்மைக்கும், காடுகளின்றி வளர்ச்சித் துறைக்கும் அமைச்சராக இருந்ததாகக் கே. வி. ரெட்டி நாயுடு பின்னர் நொந்துரைத்தார்.

எனினும் இக்குறுகிய வெளியில்தான், 1921இல் சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு வாக்குரிமை வழங்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1937இல் மாகாணத் தன்னாட்சி வரும்வரை இம்முறை நீடித்தது. தமிழில் 'ஒதுக்குதல்' என்பதற்கு இரு பொருளுண்டு. அவ்விரண்டாம் பொருளில் ஒதுக்கப்பட்டவர்கள் அமைச்சர்களே.