ஓர் எழுத்து வித்தியாசம்: பவேரியர் வரலாறும் மொழியும்

கடைப் பேரேட்டில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிப்போவார். ஜெர்மனியின் தென்கிழக்கிலுள்ள பவேரியாவின் பெயரிலும் அப்படி ஓர் எழுத்து உண்டு. ஜெர்மன் அறிஞர்கள் பவேரிய மொழியைக் குறிக்கும்போது 'ஐ' போட்டும், பவேரிய மாநிலத்தைக் குறிக்கும்போது 'ஒய்' போட்டும் எழுதுவார்கள். இந்த வித்தியாசத்துக்குள் ஒரு ஜனத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

பவேரியர் என்ற பெயர் 551 வாக்கில் யோர்டானெஸ் என்பார் லத்தீனில் எழுதிய கோத்தியர் வரலாற்றில் வருகிறது. ரோமானியர் ஆட்சி ஓய்ந்தபின் டான்யூப் நதிக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நடுவே தங்கிய பல கூட்டத்தார் கலந்து உருவானவர்கள் இவர்கள் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. 1180 முதல் 1918 வரை, 738 வருஷம், விட்டல்ஸ்பாக் என்ற ஒரே குடும்பம் இவர்களை ஆண்டது.

1806-ல் நெப்போலியன் தயவால் பவேரியா முடியரசாயிற்று. அந்தக் காலத்தில்தான் வேறு பேச்சு பேசும் பிராங்கோனியரும் சுவாபியரும் பெருமளவில் அதில் சேர்க்கப்பட்டனர். கிரேக்கத்தின்மேல் தீராத மோகம் கொண்ட முதலாம் லுட்விக் மன்னர், 1825-ல் நாட்டின் பெயரில் 'ஐ'யை எடுத்துவிட்டுக் கிரேக்க எழுத்தான 'ஒய்'யைப் போட உத்தரவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மானியரையும் 'நாலாவது குலம்' என்று அரசு ஏற்றுக்கொண்டது. ஆக, 'ஒய்' நாடு பல குலத்தாருக்கும் பொது. 'ஐ' மொழியோ எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் பெரும்பகுதியிலும் இத்தாலியின் தென் டிரோலிலும் பேசப்படுகிறது.

இது கொச்சை ஜெர்மன் என்று நினைப்பவர் உண்டு. ஆனால் இதில் வியாழக்கிழமைக்குப் 'பிஃபின்ஸ்டாக்' என்று பெயர். கிரேக்கத்தில் 'ஐந்தாம் நாள்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஞாயிறு முதல் எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக இருக்கும். பொது ஜெர்மனில் அதே நாள் இடித்தேவனின் நாள். கூடை முடைபவர் வீட்டில் 1785-ல் பிறந்த ஷ்மெல்லர் என்ற அறிஞர், இத்தகைய சொற்களையெல்லாம் தேடித் திரட்டி, 1827 முதல் 1837 வரை நாலு பாகமாகப் பவேரிய அகராதி வெளியிட்டார்.

தனித்தன்மையில் பவேரியர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1949-ல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்தை அவர்களுடைய சட்டமன்றம் 101-க்கு 63 என்ற கணக்கில் நிராகரித்தது. மற்ற மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றால் தாமும் கட்டுப்படுவோம் என்றும் சொல்லிவைத்தது. இன்றும் 'சுதந்திர அரசு' என்றே மாநிலத்துக்குப் பெயர்.

கொடியும் சட்டமன்றமும் சொந்தமாக இருந்தும், 2009-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அருகிவரும் மொழிகளின் வரைபடத்தில் பவேரியமும் இடம்பெற்றது. தலைநகர் மியூனிக்கில் பிள்ளைகள் வாயில் அதைக் கேட்பதே அரிதாகிவிட்டது. யாரும் தடை போடவில்லை. பள்ளியிலும் ஆபீசிலும் பொது ஜெர்மன். வீட்டு மொழியால் பிள்ளை படிப்பில் பின்தங்குமோ என்ற பயம் பெற்றோருக்கு. 'பிஃபின்ஸ்டாக்' அகராதியில் பத்திரமாக இருக்கிறது, பேச்சில் தேய்ந்துபோச்சு.

நாமோ நம் மாநிலத்துக்கு வெளியே இருக்கிறோம். பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டால் தூரத்தின்மேல் பழி போடுவது சுலபம். சொந்த மண்ணிலேயே இருந்த பவேரியருக்கு அந்தச் சாக்குகூட இல்லை. அரசு கொடியைக் காக்கும், அறிஞர் சொல்லைக் காப்பார். பேச்சைக் காப்பது சாப்பாட்டு நேரத்தில் வீட்டார் பேசும் நாலு வார்த்தைதான்.