கருவி கழுவிய கைகள்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் தனியார் பல் மருத்துவமனைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் நான் பார்ப்பது ஓர் இளம்பெண்ணைத்தான். டோக்கன் எழுதுவாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள். நோயாளி எழுந்து போனதும் ரத்தம் படிந்த கருவிகளைத் தேய்த்துக் கழுவி ஆட்டோகிளேவில் அடுக்குவாள். 121 டிகிரி வெப்பம், 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், வேலையில் நின்றே கற்ற பாடம் இது.

2020இல் கொரோனா பரவியபோது, பல் மருத்துவத் துறையினருக்கு அந்த நோயைப் பற்றி என்ன தெரியும் என்று அளக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. கேள்வியில் நியாயம் உண்டு. ஏரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. அதைக் குளிர்விக்கும் நீர் எச்சிலோடு கலந்து நுண்துளிகளாக அறையில் பரவுகிறது. நோயாளியோ முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் அந்த இணையப் படிவங்கள் பெரும்பாலும் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்குமே போயின. கருவி கழுவியவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் குறைவு.

இந்த விடுபடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1885இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். பெண்கள் துணையின்றிப் பல் மருத்துவரிடம் போகத் தயங்கிய காலம் அது. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பதே அவர்களுக்கு உத்தரவாதம். அவளை அழைத்தது அவளுடைய அறிவுக்காக அல்ல. வேலையில் வளர்ந்த அந்த அறிவுக்கு மதிப்புக் கேட்க அமைப்பு தேவைப்பட்டது. 1924இல் ஜூலியட் சதர்ட் அமெரிக்கப் பல் மருத்துவ உதவியாளர் சங்கத்தைத் தொடங்கினார்.

ரப்பர் கையுறையின் கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். 1889 வாக்கில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் கிருமிநாசினியால் புண்ணாயின. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அவருக்காகக் கையுறை செய்யச் சொன்னார். பல் மருத்துவத்தில் அது வழக்கமாக ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. எச்.ஐ.வி. அச்சம் வந்த பிறகே எல்லா நோயாளிக்கும் கையுறை என்ற நடைமுறை பரவியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் வெளிக்கொண்டு வந்தவர்களும் சென்னையில் பணியாற்றிய இரு பெண்கள்தாம்: மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா.

நம் சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் மூன்று தரப்பினருக்குப் பதிவேடு வைத்தது: பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு அதில் இடமில்லை. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை முதலாளியான மருத்துவர் எடுத்துச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். 2021 ஜனவரி 16இல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதும், மருத்துவமனை தன் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவளுக்கு எல்லாமே இன்னொருவர் கையில்.

அதனால்தான் ‘அறிவு’ என்று மட்டும் அளப்பதை நான் சந்தேகிக்கிறேன். என்95 கவசம் அணியத் தெரியுமா என்பது ஒரு கேள்வி. அணியக் கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்காத ஆய்வு, கிடைக்காத கவசத்தைத் தெரியாத பாடமாக மாற்றிவிடும். பழி உழைத்தவள் தலையில் விழும்.

எங்கள் மாவட்டத்துப் பற்களைப் பற்றி அரசுக்குத் தெரியாமலில்லை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் இங்கே பற்கள் பழுப்பேறின. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் இருக்கிறது. பல்லின் கறையைக் கணக்கில் எடுத்த ஊரில், பல் கருவியைக் கழுவுகிறவளையும் கணக்கில் எடுக்கலாம். அவளிடம் தமிழில் கேளுங்கள்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டார்களா? கருவி கழுவத் தடித்த கையுறை உண்டா? ஊசி குத்தினால் யாரிடம் சொல்வாய்? சொன்னால் வேலை நிலைக்குமா?