சுதந்திராக் கட்சி

சுதந்திராக் கட்சி என்பது 1959 முதல் 1974 வரை இந்தியாவில் இயங்கிய ஓர் அரசியல் கட்சி ஆகும். நடுவண் அரசின் பெருகிவந்த திட்டச் செலவுகளையும், தொழில் உரிமக் கட்டுப்பாடுகளையும், சொத்துரிமையில் அரசு தலையிடுவதையும் எதிர்ப்பதே இதன் முதன்மைக் கொள்கையாக இருந்தது. இராஜாஜி என அறியப்படும் சி. இராசகோபாலாச்சாரி, மினூ மசானி, என். ஜி. ரங்கா, கே. எம். முன்ஷி ஆகியோர் நிறுவனர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ரங்கா இதன் முதல் தலைவர் ஆவார். கட்சியின் சின்னம் நட்சத்திரம்.

தோற்றம்

1956ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கென ஒதுக்கியது. அவ்வாண்டில் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசுத் துறைக்கான ஒதுக்கீடு 4,800 கோடி ரூபாய். இது முதல் திட்டத்தின் தொடக்க ஒதுக்கீடான 2,069 கோடியைவிட இருமடங்குக்கும் அதிகம். இதில் 1,200 கோடி ரூபாயைப் பற்றாக்குறை நிதியாக்கத்தின் மூலம், அதாவது பெரும்பாலும் புதிய பணத்தைப் புழக்கத்தில் விடுவதன் மூலம், திரட்டத் திட்டமிடப்பட்டது. 1957இல் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு வேகமாகக் கரைந்தது. அதே ஆண்டில் சொத்து வரியும் செலவு வரியும் அறிமுகமாயின.

எனினும் கட்சியின் பிறப்புக்கு உடனடிக் காரணமாக அமைந்தது நிலம் பற்றிய அச்சமே எனலாம். சனவரி 1959இல் நாக்பூரில் கூடிய காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலங்கள் ஒன்றாக்கப்பட்டாலும் உடைமையுரிமை உழவரிடமே நீடிக்கும் என்று அத்தீர்மானம் கூறியது. விவசாயிகள் தலைவரான ரங்கா அதை நம்பவில்லை, காங்கிரசிலிருந்து விலகினார். சூன் 1959இல் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகத்து மாதம் பம்பாயில் அதன் ஆயத்த மாநாடு நடைபெற்றது. அப்போது இராஜாஜிக்கு வயது 80.

கொள்கையும் விமரிசனமும்

கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை வகுத்துக்கொண்டது. இவற்றுக்கு அப்பாற்பட்டவற்றில் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி கருத்துக் கொள்ளலாம். இந்தியக் கட்சிகளில் இது அரிதான ஏற்பாடு.

1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவோ, இருப்பதைப் பெரிதாக்கவோ, புதிய பொருளைச் செய்யவோ நடுவண் அரசின் உரிமம் வேண்டும். இயந்திரத்தை இறக்குமதி செய்ய மற்றோர் அனுமதி. பங்கு வெளியிட்டு முதல் திரட்ட இன்னோர் அனுமதி. இந்த ஏற்பாட்டை இராஜாஜி 'பெர்மிட்-லைசென்சு ராச்சியம்' என்று அழைத்தார். அவரது வாதம் பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. அனுமதியே விலையுள்ள சரக்காகிவிடும்போது அதை வழங்கும் ஆளுங்கட்சியிடம் தொழிலதிபர் கட்டுப்பட்டுவிடுவார். கட்சிக்கு நிதியும் அவ்வழியே சேரும். எதிர்க்கட்சி வளர இடமிராது என்பதே அதன் சாரம். திட்டக் குழு அரசியலமைப்பிலோ சட்டத்திலோ இடம்பெறாமல், 1950ஆம் ஆண்டு அமைச்சரவைத் தீர்மானத்தால் மட்டும் உருவானது என்பதையும் கட்சி சுட்டிக்காட்டியது.

இராஜாஜியின் முந்தைய ஆட்சிக்காலங்கள் இவ்வாதத்திற்கு இரு வகையிலும் சான்றாகின்றன. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். ஆனால் மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் அதே மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே.

தேர்தல்கள்

மக்களவையில் கட்சி 1962இல் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்றது. 1967இல் மிகப் பெரிய எதிர்க்கட்சி இதுவே. ஒரிசாவில் ஆர். என். சிங் தேவ் தலைமையில் கூட்டணி அரசு அமைத்தது. தமிழகத்தில் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து சட்டமன்றத்தில் 20 இடங்களை வென்றது. அத்தேர்தலில் தி.மு.க. அளித்த புகழ்பெற்ற வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதாகும். அரசுச் செலவைக் குறைக்கக் கோரிய கட்சிக்கு இது பொருந்தாத துணைதான். காங்கிரசின் ஏகபோகத்தை உடைப்பதே இராஜாஜிக்கு அப்போது முதன்மையாகத் தோன்றியது.

முன்னாள் மன்னர்கள், நிலக்கிழார்கள், தொழிலதிபர்கள் ஆகியோரின் கட்சி என்பது இதன்மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டு. இது முற்றிலும் ஆதாரமற்றதன்று. இராசத்தானில் செய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் செல்வாக்கு கட்சிக்குப் பெரிதும் உதவியது. குசராத்தில் நிலவுடைமைச் சாதியினரின் ஆதரவு முக்கியமானது. நிலமற்ற உழவுத் தொழிலாளருக்குச் சொத்துரிமை எதைத் தரும் என்ற கேள்விக்குக் கட்சி வலுவான விடை அளிக்கவில்லை.

வங்கி வழக்கு

சூலை 1969இல் இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. கட்சியைச் சேர்ந்தவரும் வங்கிப் பங்குதாரருமான ஆர். சி. கூப்பர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 1970இல் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. சில நாட்களிலேயே அரசு புதிய அவசரச் சட்டத்தால் வங்கிகளை மீண்டும் எடுத்துக்கொண்டது. மக்களிடம் இந்நடவடிக்கைக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. 1971 தேர்தலில் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. இராஜாஜி திசம்பர் 25, 1972 அன்று காலமானார். 1974இல் பிலூ மோடி தலைமையில் கட்சி பாரதிய லோக் தளத்தில் இணைந்தது.

பின்னர்

சொத்துரிமை 1978இல் 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது. சூலை 1991இல் 18 தொழில்கள் தவிர ஏனையவற்றுக்கு உரிம முறை ஒழிக்கப்பட்டது. இதைச் செய்ததும் காங்கிரசு அரசே. 2015இல் திட்டக் குழுவின் இடத்தை நிதி ஆயோக் பெற்றது. தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் கட்சி சோசலிசக் கொள்கைக்கு உண்மையாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுத வேண்டும் என்ற விதி 1989இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.