அடைப்பம் ஏந்தியவரும் ஓலை எழுதியவரும்: சிவகங்கை அரண்மனை ஊழியம்

சேதுநாட்டிலிருந்து பிரிந்து சிவகங்கை தனிச்சீமையானது 1730ஆம் ஆண்டளவில். முதல் மன்னர் சசிவர்ணத் தேவர். அவருக்குப் பின் 1750இல் பட்டமேறியவர் மகன் முத்துவடுகநாதர். இளைய அரசு என்பதால் அதன் அரண்மனையில் ஊழியம் செய்தவர்களே படைக்கும் வரிக்கும் தூதுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

அந்த ஊழியங்களில் அடைப்பத்தைச் சிறு வேலையாக எண்ணிவிடுகிறோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்த பெட்டியை ஏந்தி மன்னர் அருகில் நிற்பதுதான் அது. ஆனால் மன்னர் வாயில் போடும் பொருள் அடைப்பக்காரர் கையிலிருந்து போகிறது. நஞ்சுக்கு அஞ்சிய காலத்தில் அந்தக் கையை நம்பித்தான் அரசர் உயிர் இருந்தது. ஒருவரிடம் பணி ஒப்படைக்கும்போதும், வந்தவருக்கு விடைகொடுக்கும்போதும் தாம்பூலம் வழங்குவது அவை மரபு. ஆகவே யார் வந்தார், எதற்கு வந்தார், எந்த முகத்தோடு திரும்பினார் என்பதெல்லாம் அடைப்பக்காரர் கண்முன் நடந்தன. விசயநகர அவையைக் கண்டெழுதிய போர்த்துக்கீசியர் நூனிஸ் தரும் பெருநாயக்கர் பட்டியலில் அடைப்ப நாயக்கர் ஒருவரும் இருக்கிறார். இந்த ஊழியம் ஆட்சிக்கு வழிவகுத்த பழக்கம் அவ்வளவு பழையது.

நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர்கள் முத்துவடுகநாதரிடம் வந்து சேர்ந்ததும் இப்படிப்பட்ட அணுக்கப் பணிக்குத்தான். அவர்கள் அடைப்பம் ஏந்தியவர்கள் என்பது சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பிரதானியின் பொறுப்பு வேறு வகை. வரி, படை, பாளையங்களோடும் ஆற்காட்டு நவாபோடும் கடிதப் போக்குவரத்து, எல்லாமே அவர் கையில். சசிவர்ணருக்கும் முத்துவடுகநாதருக்குமாக இரு தலைமுறை அந்தப் பொறுப்பை வகித்தவர் தாண்டவராய பிள்ளை. 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் ஆங்கிலேயக் கும்பினிப் படையும் நவாபின் படையும் முத்துவடுகநாதரைக் கொன்றன. சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரிட்டது நவாபின் ஆட்சி. புதிய ஆட்சியோடு இணங்கிப்போவது எளிது. அனுபவமுள்ள ஒரு பிரதானிக்கு எந்த ஆட்சியிலும் வேலை உண்டு. தாண்டவராய பிள்ளையோ அரசி வேலு நாச்சியாரோடும் மருதிருவரோடும் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக்குச் சென்றார். அங்கே அடைக்கலம் தந்தவர் கோபால நாயக்கர். கருவூலமும் படையும் போய்விட்ட நிலையிலும் பிரதானி தம் வேலையைத் தொடர்ந்தார். மைசூர் ஐதர் அலிக்கு அவர் ஓலை விடுத்தது 1772 டிசம்பர் 8 அன்று. 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் அனுப்பினால் சீமையை மீட்கலாம் என்பது கோரிக்கை. மன்னரை இழந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில், எத்தனை படை வேண்டும் என்று கணக்கிட்டு எழுதும் தெளிவு அவருக்கு இருந்தது. விசுவாசத்துக்கு இதைவிட உறுதியான சான்று நான் அறியேன்.

ஐதரின் உதவியோடு 1780இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். பெரிய மருது தளகர்த்தராகவும் சின்ன மருது பிரதானியாகவும் அமர்ந்தனர். காலப்போக்கில் ஆட்சியே அவர்கள் கைக்கு வந்தது என்பதையும் அதனால் அரண்மனைக்குள் எழுந்த பூசலையும் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் 1801 ஜூன் 16 அன்று திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கையில் சின்ன மருது பேசியது தம் பதவிக்காக அன்று. கும்பினியை எதிர்க்க நாட்டார் எல்லோரையும் அழைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

மருதிருவரை இன்று நாடறியும். சீமை மீண்டதைக் காணாமலே மறைந்த தாண்டவராய பிள்ளையின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. வேலு நாச்சியாரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியப் பெருமக்கள், விருப்பாட்சியிலிருந்து போன அந்த ஓலையையும் அதை எழுதியவரையும் சேர்த்தே சொல்ல வேண்டுகிறேன்.